ட்ரீட் உட்கார்ந்த மாலை

சொற்களுக்கெல்லாம் கால் முளைத்திருந்த அந்தக் காலத்தில், மழை ஓயாத ஒரு தீவில் இங்கிலீஷ் சொற்கள் குடியிருந்தன. இந்தக் கதையைக் கேட்டால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று யாராவது நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கே இன்னும் ஒழுங்காக வரவில்லை. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த வால் ஒட்டும் என்று மனப்பாடம் செய்து செய்து அலுத்துப்போன ஒரு நாளில், இது ஏன் இப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்படி யோசித்ததில் கிடைத்த கதை இது.

அந்தத் தீவில் பெயர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. ஸ்டோன், பெட், ப்ரெட், டோர் எல்லாரும் அந்தக் கூட்டம். கல்லும் கட்டிலும் ரொட்டியும் கதவும் என்ன வேலை செய்யப் போகின்றன? வைத்த இடத்தில் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஊர் நடுவில் பெரிய கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். மேலே கூரை, நடுவில் கணப்பு, ஆளுக்கொரு பலகை. வாசலில் டோர் காவல். பெயர் அல்லாத யாரையும் அவர் உள்ளே விட்டதில்லை.

மற்றவர்கள் வினைகள். மூவ், டீச், டிசைட், அப்ரூவ், ட்ரீட் என்று ஒரு பெருங்கூட்டம். இவர்களுக்கு உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அவர்கள் உடம்பு வாகே அப்படி. வினை என்றால் நடந்துகொண்டே இருக்க வேண்டும், நடப்பது நின்றால் ஆளே இல்லை. ஒரு பழைய வினை மழைக்கு ஒதுங்கிக் கூடத்துச் சுவரில் சாய்ந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு போய்ப் பார்த்தால் அவர் சாய்ந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், அவர் பெயர் என்ன என்பதெல்லாம் இப்போது யாருக்கும் தெரியாது.

அதனால் வினைகள் நடந்துகொண்டே சாப்பிட்டார்கள், நடந்துகொண்டே கண்ணயர்ந்தார்கள், நடந்துகொண்டே சண்டை போட்டார்கள். கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்தப் பலகைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். பார்த்து என்ன செய்ய?

ட்ரீட் அந்த ஊர் வைத்தியக்காரி. மருந்துப் பை ஒரு தோளில், கஷாயப் பானை ஒரு கையில். காய்ச்சல், வெட்டுக்காயம், பல்வலி எதுவானாலும் அவள்தான் ஓட வேண்டும். தீவில் எந்நேரமும் யாருக்காவது ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் அவளுக்கிருந்த பெரிய கவலை வீக். அவன் பெயரும் இல்லை, வினையும் இல்லை. தன்மைகள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு, அதைச் சேர்ந்தவன். அந்தக் கூட்டத்தாருக்குத் தனியாக நிற்க வராது, யாராவது ஒரு பெயர்மேல் சாய்ந்தால்தான் உண்டு. வீக், மேட்டு மேல் கிடந்த ஸ்டோன்மேல் சாய்ந்து காய்ச்சலோடு கிடந்தான். ட்ரீட் காலையும் மாலையும் மேடேறிப் போய் அவனுக்கு மருந்து புகட்டிவிட்டு வருவாள்.

அவளுக்கு ஒரு தங்கை, பெயர் கிவ். குட்டையான உருவம். கையில் எதுவும் தங்காது. கிவ்வின் கணவன் டேக், கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவான். அவன் எடுத்து வருவதை அவள் யாருக்காவது கொடுத்துவிடுவாள். கொடுக்கல் வாங்கலிலேயே ஓடிய குடும்பம், வீட்டில் மட்டும் ஒன்றும் சேரவில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தபோது கிவ் கேட்டாள்.

"என்னக்கா, காலைத் தாங்கித் தாங்கி வெக்கிற?"

"முட்டி போச்சுடி. மேடு ஏறுறப்ப உசிரு போயி உசிரு வருது."

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கிற. உனக்கு நீயே பாத்துக்கக் கூடாதா?"

"பாக்கணும்னா காலை நீட்டி உக்காரணும். உக்காந்தா அப்புறம் நான் எங்க இருப்பேன்?"

கிவ் மடியிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். ட்ரீட் அதை நடந்துகொண்டே தின்றாள். அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வயதாவதைப் பற்றி வினைகள் பேசிக்கொள்ள மாட்டார்கள். என்றைக்காவது கால் ஓய்ந்துவிட்டால், தாங்கள் செய்த வேலையோடு சேர்த்துத் தாங்களும் இல்லாமல் போய்விடுவோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கரையிலிருந்து கப்பல் வந்தது. ராஜாக்களும் வக்கீல்களும் சமையல்காரர்களும் இறங்கி ஊருக்குள் போனார்கள். கடைசியில் கப்பலின் அடித்தட்டிலிருந்து சிலரைத் தூக்கிவந்து மணலில் வைத்துவிட்டுப் போனார்கள். மெண்ட், ஷன், அல் என்று மூன்று பெரிய குடும்பங்கள். ஒருத்தருக்கும் கால் கிடையாது. அடிப்பாகம் மட்டும் நல்ல அகலம். வைத்தால் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள், வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. உள்ளூரிலும் நெஸ், இங், அர் என்று இதே சாயலில் சிலர் அந்தக் கரையில் வெகுகாலமாகக் கிடந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரார் இவர்கள் அத்தனை பேரையும் வால்கள் என்றே சொன்னார்கள். தனியாக இருக்கும்போது இவர்களுக்கு அர்த்தமே இல்லை. 'மெண்ட்' என்று கூப்பிட்டால் யார் திரும்பப் போகிறார்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் ட்ரீட் மேட்டிலிருந்து தனியாக இறங்கி வந்தாள். கரையோரம் வரும்போது மணலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தாயி, கொஞ்சம் நில்லுங்க."

"நிக்க முடியாதுய்யா. நடந்துக்கிட்டே பேசுறேன், சொல்லு."

அவள் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினான். மெண்ட் குடும்பத்தில் அவன் ஒருவன்.

"எறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. யாரும் கூப்பிட வரல. எனக்குக் கால் இல்ல, தாயி."

"எனக்குக் கால் மட்டுந்தான்யா இருக்கு" என்றாள் ட்ரீட்.

"என்னை முதுகுப் பக்கமாச் சேத்துக்கிட்டீங்கன்னா நீங்க உக்காரலாம். எங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்க."

ட்ரீட்டின் நடை தடுமாறியது. "கரைஞ்சு போயிர மாட்டேனே?"

"மாட்டீங்க. நான் நல்ல கனம்."

"திரும்ப எந்திரிக்க முடியுமா?"

மெண்ட் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "அது எனக்குத் தெரியாது தாயி. நான் இதுவரைக்கும் எந்திரிச்சதே இல்ல."

முட்டி வலிக்கிறவர்களுக்குத் தேவையான வார்த்தை மட்டும்தான் காதில் விழும். அவளுக்கு 'மாட்டீங்க' மட்டும் விழுந்தது. இன்று ஒரு பொழுது உட்கார்ந்துவிட்டுக் காலையில் இவனை இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்தாள். மெண்ட் அவள் முதுகைப் பற்றிக்கொண்டான்.

கூடத்து வாசலில் டோர் கேட்டார். "யாரது?"

"ட்ரீட்" என்றாள் அவள். "மெண்ட்" என்றான் பின்னால் இருந்தவன்.

"ட்ரீட்மெண்ட்டா? அப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லையேம்மா" என்று டோர் தலையைச் சொறிந்தார். மேலும் கீழும் பார்த்தார். பெயரைப் போலத்தான் கனமாகத் தெரிந்தது. "சரி, பேருன்னா உள்ள வரலாம்" என்று வழிவிட்டார்.

அவள் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிறந்ததிலிருந்து அவள் செய்யாத காரியம் அது. "அம்மாடி" என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு அவள் அழுதாள், ஏன் அழுகிறோம் என்றுகூடத் தெரியாமல். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.

காலையில் வேலைக்குப் போன வினைகள் வழக்கம்போல ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ட்ரீட் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கரையவில்லை. மங்கக்கூட இல்லை.

"அடியாத்தி, முழுசா இருக்காளே!" என்று கத்தினாள் டீச்.

பிறகு என்ன? ஊரே கரைக்கு ஓடியது. அந்தத் தீவுக்காரர்கள் வரிசையில் நிற்பதற்குப் பேர்போனவர்கள். ரொட்டி வாங்கவும் வரிசை, கப்பலேறவும் வரிசை, ஒன்றுமில்லாததற்கும் வரிசை. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தபடி வரிசை காப்பார்கள். அன்றைக்கும் வரிசையாகப் போயிருந்தால் இந்த ஜாதிக்கு இந்த வால் என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம், நாமும் பிழைத்திருப்போம். ஆனால் காலம் காலமாக நின்று நின்று அலுத்தவர்கள், உட்காருவதற்காகவும் ஒரு தடவை நிற்க வேண்டுமா என்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வரிசையை உடைத்துவிட்டார்கள்.

கையில் கிடைத்த வாலை அவரவர் மாட்டிக்கொண்டார்கள். மூவ் இன்னொரு மெண்டைப் பிடித்தான். அப்ரூவ் கால் இடறி விழுந்த இடத்தில் ஒரு அல் இருந்தான், அப்ரூவல் ஆகிவிட்டான். டிசைட் ஓடிவந்த வேகத்தில் ஒரு ஷன்மேல் போய் மோதி, பின்பக்கம் நொறுங்கி, டிசிஷனாக எழுந்தான். உடைந்தது உடைந்ததுதான், இன்றுவரை ஒட்டவில்லை. டீச்சுக்கு உள்ளூர் அர்தான் கிடைத்தாள். டீச்சர் ஆன பிறகும் அவள் பாதி நாள் நின்றுகொண்டே இருக்கிறாள், அவள் தலையெழுத்து. ஸ்லீப் மட்டும் கரைக்கு வரவில்லை. அவள் நடந்தபடியே நல்ல தூக்கத்தில் இருந்தாள். எழுப்பியபோது, தனக்கு வால் இல்லாமலே படுக்க வரும் என்று சொல்லி அங்கேயே படுத்துக்கொண்டாள். அப்ரூவுக்கு ஏன் மெண்ட் வரவில்லை, மூவுக்கு ஏன் ஷன் வரவில்லை என்று கேட்டால் இதுதான் பதில். இலக்கணப் புத்தகக்காரர்கள் இதற்கு வேறு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கிவ்வும் டேக்கும்கூடக் கரைக்குப் போனார்கள். டேக் ஒரு நல்ல மெண்டாகப் பார்த்து எடுத்தான். "இந்தா, கட்டிக்க" என்று மனைவியிடம் நீட்டினான். கிவ்வுக்குப் பின்னால் வயதான ஒரு வினை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கிவ் திரும்பி அதை அவரிடம் கொடுத்துவிட்டாள். டேக் இன்னொன்று எடுத்தான். அதையும் அவள் யாருக்கோ கொடுத்தாள். எடுக்க எடுக்கக் கொடுத்தாள். கடைசியில் கரை காலியாகிவிட்டது.

"நமக்கு?" என்றான் டேக்.

"ஐயோ, மறந்தே போச்சுங்க" என்றாள் அவள். டேக் மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவனுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது?

அன்று பகலில் கூடம் நிரம்பி வழிந்தது. தன் முழங்கையை யாரோ இடிப்பதாக ப்ரெட் முனகினான். "கொஞ்சம் நகருங்க" என்றபோது மூவ்மெண்ட் வெட்கப்பட்டு, தன்னால் நகர முடியவில்லை என்றான். வெளியே ஊர் ஓய்ந்துபோயிருந்தது. யாரும் எதையும் நகர்த்தவில்லை, யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அன்றைக்குத் தீவில் மழையைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அதைப் பற்றிக் கவலையில்லை, அப்படி ஒரு அசதி. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கிவ் மேட்டுப் பக்கம் போனாள். அங்கே ஸ்டோனின் தோளிலிருந்து வீக் நழுவிக்கொண்டிருந்தான். உதடு காய்ந்திருந்தது, உடம்பு கொதித்தது.

"அக்கா வரலையா?" என்று கேட்டான். காலையிலும் மருந்து இல்லை, இப்போதும் இல்லை.

"இதோ கூட்டிட்டு வரேன். நீ இவரை விட்டுறாத" என்று வீக்கிடம் சொல்லி, அவனை ஸ்டோன்மேல் சாய்த்துவிட்டு கிவ் இறங்கி ஓடினாள்.

"அக்கா, வீக்குக்கு மூச்சு இழுக்குது. எந்திரி. வா."

ட்ரீட்மெண்ட் பலகையில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். இடுப்புக்குக் கீழே மலை ஒன்றைக் கட்டிவைத்தது போல இருந்தது. "இறங்குய்யா" என்று பின்னால் கையை விட்டு மெண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் எங்கே முடிகிறான், அவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை.

"தாயி, நான் அப்பவே சொன்னேன்" என்று மெண்ட் அழுதான். "எனக்கு எந்திரிக்கத் தெரியாதுன்னு."

"அவனை ஏண்டி குத்தம் சொல்லணும்" என்றாள் அவள். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "கிவ்வு, எல்லாம் எனக்குத் தெரியுது. எந்த வேரு, எம்புட்டுத் தண்ணி, எப்பப் புகட்டணும், எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. முன்னைவிடத் தெளிவாத் தெரியுது. ஆனா செய்ய முடியலையேடி. அந்தப் பையன் அங்க சாகப் போறான், நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

கிவ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் எழுந்திருக்க வராது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டேக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே குனிந்துவிட்டான்.

"மதினி, இந்தப் பக்கம் நான் எடுத்துக்கிறேன்" என்றான். "ஏய், அந்தப் பக்கம் நீ பிடி."

இரண்டு பேரும் அவளைப் பலகையோடு சேர்த்துத் தூக்கினார்கள். ட்ரீட் ஒருத்தியின் கனம் அவர்களுக்குத் தெரியும். இது அவளும் மெண்டும் சேர்ந்த கனம். டோர் அகலத் திறந்து நின்றார். மழையில் மேடு சறுக்கியது. கிவ் குட்டை என்பதால் பாரமெல்லாம் அவள் பக்கமே சாய்ந்தது. இரண்டு முறை இறக்கி வைக்கப் பார்த்தாள், வீக்கின் மூச்சுச் சத்தம் ஞாபகம் வந்து வைக்கவில்லை. மேலே இருந்த ட்ரீட்மெண்ட் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கையின் கால்கள் நடுங்குவது பலகை வழியாக அவளுக்குத் தெரிந்தது. தன் கால் வலித்தபோதுகூட அவள் இவ்வளவு வேதனைப்படவில்லை.

வீக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ட்ரீட்மெண்ட் சொல்லச் சொல்ல, கிவ் வேரை அரைத்துக் கஷாயத்தைக் கொடுத்தாள். அவன் வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். டேக் காலை மாற்றி மாற்றி வைத்தபடியே குனிந்து, அவன் தலையைக் கையில் எடுத்துத் தாங்கி, கன்னத்தைப் பிடித்து, அந்த மருந்தை அவன் எடுத்துக்கொள்ளும்படி செய்தான். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வீக் இருமினான். பிறகு அவன் நெற்றியில் வியர்த்தது.

"பொழச்சுக்குவான்" என்றாள் ட்ரீட்மெண்ட்.

பிழைத்துக்கொண்டான். பலம் மட்டும் வரவே இல்லை. அவனும் பின்னாளில் ஒரு நெஸ்ஸைச் சேர்த்துக்கொண்டு வீக்னஸ் என்று நம் எல்லாருக்குள்ளும் வசதியாக உட்கார்ந்துவிட்டான் என்பது வேறு விஷயம். ட்ரீட்டின் மகள் ஒருத்தி அம்மாவின் பழைய பெயரையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

அன்று மேட்டுமேல் மழை விட்டபோது ட்ரீட்மெண்ட் தங்கையைப் பார்த்தாள். கிவ் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். தோளில் பலகை அழுத்திய இடம் சிவந்திருந்தது.

"இனிமே நான் எங்க போகணும்னாலும் நீதான் தூக்கணுமாடி?"

"ஆமா. நானோ அவரோ."

"என்னை மட்டுமா? கூடத்துல அத்தனை பேரு இருக்காங்களே."

"அவங்களையுந்தான். வேற யாரு இருக்கா?"

"நீ எப்பத்தான்டி உக்காருவ?"

கிவ் கொஞ்சம் யோசித்தாள். "உன்னை எறக்கி வெச்சுட்டு அடுத்தவங்களைத் தூக்கப் போறதுக்குள்ள ரெண்டு மூச்சு விட்டுக்கிறேன்க்கா. அது போதும்."

அந்த மாலையிலிருந்துதான் ட்ரீட்மெண்ட் தானாக எங்கும் போவதில்லை, யாராவது கொடுக்க வேண்டியிருக்கிறது, யாராவது எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிசிஷனும் அப்ரூவலும் அப்படித்தான். வால் கிடைத்த சொற்கள் உட்கார்ந்தன, கிடைக்காத சின்னச் சொற்கள் அவற்றைச் சுமந்துகொண்டு இன்னும் அலைகின்றன. வெகுகாலம் கழித்து அந்த வால்காரர்கள் கப்பலேறி நம் கரைக்கும் வந்தார்கள். உட்கார்ந்தபடியேதான் வந்து இறங்கினார்கள். ஒருத்தரும் நடக்கவில்லை. அவர்களைத் தூக்க கிவ்வும் டேக்கும் கூடவே வரவில்லை. நம்முடைய கொடு, எடு, வாங்கு, போடு, பண்ணு ஆகியோர்தான் குனிந்தார்கள். ட்ரீட்மெண்ட் கொடுத்து, டிசிஷன் எடுத்து, அப்ரூவல் வாங்கி, அட்மிஷன் போட்டு, பேமெண்ட் பண்ணி, வீடு முதல் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர்களைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எங்கே இறக்கி வைக்கலாம் என்று அவர்களிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.